1966க்கு முந்தைய தாள்கள்

'தகவல் எழுத்தறிவு' என்ற சொற்சேர்க்கை தமிழில் இன்னும் காலுக்குப் பழகாத புதுச்செருப்பாகவே இருக்கிறது. எழுத்தறிவு என்றதும் அரிச்சுவடியும், தொண்ணூறுகளின் அறிவொளி இயக்கத்து இரவு வகுப்புகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. தகவலுக்கு என்ன தனி எழுத்தறிவு என்று வாசகர் கேட்பது நியாயமே. 1974ஆம் ஆண்டு, அமெரிக்கத் தகவல் தொழில்துறைச் சங்கத்தின் தலைவராயிருந்த பால் ஜுர்கோவ்ஸ்கி, அந்நாட்டின் நூலக, தகவலியல் தேசிய ஆணையத்துக்கு அளித்த அறிக்கையொன்றில் இச்சொல்லைக் கையாண்டார். தம் தொழிலுக்குத் தேவையான தகவல் கருவிகளைக் கையாளப் பயிற்சி பெற்றவர்களையே அவர் அப்பெயரால் சுட்டினார். பின்னாளில் இச்சொல் பள்ளிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் குடிபெயர்ந்து அவற்றின் உடைமையாகிவிட்டது என்றாலும், அது பிறந்தபோது அதன் மனத்தில் இருந்தவர் மாணவர் அல்லர், வேலை பார்ப்பவர். இந்த நுணுக்கத்தை நூலகவியல் வரலாறுகள் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

வேலை பார்ப்பவரின் நூலகத்துக்கு நூலகவியலில் 'சிறப்பு நூலகம்' என்று பெயர். ஒரு மருத்துவமனை, வங்கி, ஆய்வுக்கூடம், சட்டமன்றம் ஆகியன தம் காரியத்துக்காகவே வைத்துக்கொள்ளும் நூலகம் அது. அங்கே வருபவர் பொழுதுபோக்க வருவதில்லை; தேர்வெழுதவும் வருவதில்லை. நாளைக் காலை ஒரு முடிவெடுத்தாக வேண்டும் என்பதற்காக வருகிறார். அவருக்குத் தேடக் கற்பித்தல் என்பதன் வரலாற்றைப் பொதுவாகச் சொல்லிக்கொண்டு போவதைவிட ஒரே துறையை, ஏறக்குறைய ஒரே நிறுவனத்தைப் பற்றிக்கொண்டு சொல்வது மேல் என்று தோன்றுகிறது. துறை மருத்துவம். நிறுவனம், அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ்.

ஆனால் கதை அங்கே தொடங்கவில்லை. 1860ஆம் ஆண்டு ஒஹையோ மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற இருந்த ஜான் ஷா பில்லிங்ஸ் என்ற இளைஞர், காக்காய்வலிப்புக்கு அறுவைச் சிகிச்சை என்பதைத் தம் ஆய்வேட்டின் பொருளாக எடுத்துக்கொண்டார். அச்சிகிச்சை எத்தனை பேருக்குச் செய்யப்பட்டது, எத்தனை பேர் பிழைத்தனர் என்பது அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. எளிய கேள்விதான். அதற்காக அவர் ஏறக்குறைய ஆறு மாத காலம் நூல்களைப் புரட்டினார். பல நூலகங்களை அலசிய பிறகு அவருக்குப் புலப்பட்டது இதுதான்: தேவையான நூல்களனைத்தும் ஒருங்கே உள்ள நூலகம் ஒன்றுகூட அமெரிக்காவில் இல்லை, இருக்கிற நூல்களுக்குள் எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் அடைவும் இல்லை. ஆய்வேட்டை ஒருவாறு முடித்துவிட்டார். அந்த ஆறு மாதங்களை மட்டும் அவர் மறக்கவில்லை.

உள்நாட்டுப் போரில் படைமருத்துவராகப் பணியாற்றிய பில்லிங்ஸிடம் 1865இல் ராணுவத் தலைமை மருத்துவர் அலுவலகத்தின் சிறு நூலகம் ஒப்படைக்கப்பட்டது. அடுத்த முப்பது ஆண்டுகளில் அதை உலகின் பெரிய மருத்துவ நூலகங்களுள் ஒன்றாக அவர் வளர்த்தெடுத்தார். 1879 முதல், உலகெங்கும் புதிதாக வெளியாகும் மருத்துவக் கட்டுரைகளை மாதந்தோறும் பொருள்வாரியாகப் பட்டியலிடும் 'இண்டெக்ஸ் மெடிக்கஸ்' என்ற இதழை, ராபர்ட் ஃபிளெட்சர் என்ற மருத்துவரோடு சேர்ந்து நடத்தினார். 1880இல் நூலகத்தின் 'அடைவு அட்டவணை'யின் முதல் தொகுதி வெளிவந்தது. நூல்கள் மட்டுமல்லாமல் ஆய்விதழ்களுக்குள் இருக்கும் ஒவ்வொரு கட்டுரையையும் அது பொருளின்படி வரிசைப்படுத்தியது. 1895க்குள் பதினாறு தொகுதிகள். இத்தொடர் 1961 வரை நீடித்து 61 தொகுதிகளில் முடிந்தது. கணினி என்ற சொல்லுக்கே இன்றைய பொருள் இல்லாதிருந்த காலத்தில், துண்டுச் சீட்டுகளையும் எழுத்தர்களின் கைகளையும் கொண்டு செய்த வேலை இது. நம்மூரில் உ.வே.சா. ஏட்டுச்சுவடிகளோடு ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்த அதே பத்தாண்டுகள் அவை என்பதை ஒரு காலக்குறிப்பாக மனத்தில் இருத்திக்கொள்ளலாம்.

இதே பில்லிங்ஸ்தான் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் கட்டடத் திட்டத்தையும் வகுத்தவர். நோயாளிகளுக்குக் காற்றும் வெளிச்சமும் எப்படி வர வேண்டும் என்பதில் அவர் காட்டிய அக்கறைக்கும், மருத்துவருக்குப் பழைய அனுபவங்கள் எப்படி வந்து சேர வேண்டும் என்பதில் காட்டிய அக்கறைக்கும் உறவு உண்டு என்றே நமக்குப் படுகிறது. 1889இல் மருத்துவமனை திறக்கப்பட்டது. பின்னர் அங்கே மருத்துவ வரலாறு குறித்து அவர் விரிவுரைகளும் ஆற்றினார்.

திறக்கப்பட்ட அம்மருத்துவமனையின் முதல் தலைமை மருத்துவராக வந்தவர் வில்லியம் ஆஸ்லர். நோயாளியின் படுக்கையருகே மாணவரை நிறுத்திப் பாடம் நடத்தும் முறையை நிலைநாட்டியவர் என்று அவரைச் சொல்வார்கள். அவரது இன்னொரு பழக்கம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மாண்ட்ரியாலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தபோதே, 1875வாக்கில், வெளிநாட்டு ஆய்விதழ்களைப் பகிர்ந்து வாங்கிப் படித்து விவாதிக்கும் குழுவொன்றை அவர் தொடங்கியிருந்தார். பால்டிமோரிலும் அப்பழக்கம் தொடர்ந்தது. படுக்கையில் இருப்பவரின் நோய் குறித்து முன்பு யார் என்ன எழுதினார்கள் என்று நூலகத்துக்குப் போய்ப் பார்த்துவந்து சொல்லும்படி மாணவர்களை அவர் ஏவுவார். 1898இல் உருவான மருத்துவ நூலகர் சங்கத்தின் நிறுவனர்களுள் ஒருவர். 1901 முதல் 1904 வரை அதன் தலைவர். மருத்துவர் ஒருவர் நூலகர்களின் சங்கத்துக்குத் தலைவராக இருப்பதை அன்று யாரும் விசித்திரமாகக் கருதவில்லை.

தேடுதல் என்பதை ஆஸ்லர் தனிப் பாடமாக வைக்கவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். நோயாளியிடமிருந்து கேள்வி எழுந்தது. கேள்வி மாணவனை நூலகத்துக்கு அனுப்பியது. அங்கே பில்லிங்ஸின் தடித்த தொகுதிகள் கண்ணுக்குத் தெரியும்படி அலமாரியில் நின்றன. எந்தத் தொகுதி எந்த ஆண்டுக்குரியது என்பது அதன் முதுகிலேயே பொன்னெழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். எங்கிருந்து தொடங்கினோம், எதுவரை பார்த்தோம் என்பது தேடுபவரின் கைக்கும் முதுகெலும்புக்கும் தெரியும். ஒரு நூற்றாண்டு கழித்து இந்தச் சிறிய விஷயம் எவ்வளவு பெரிதாயிற்று என்பதைப் பின்னால் பார்ப்போம்.

1909இல் அமெரிக்காவில் சிறப்பு நூலகச் சங்கம் தோன்றியது. அதன் முதல் தலைவர் நியூவர்க் நகர நூலகர் ஜான் காட்டன் டானா. தொழிலகங்களிலும் வணிக நிறுவனங்களிலும் இருந்த இத்தகைய நூலகங்களில் ஒரு கேள்வி தொடக்கத்திலிருந்தே இருந்துவந்தது. வாசகருக்குத் தேடக் கற்றுக்கொடுப்பதா, அல்லது நாமே தேடிக் கொடுத்துவிடுவதா? கல்லூரி நூலகங்களுக்கு இதில் ஐயமில்லை. மாணவன் கற்க வந்தவன், ஆகவே தேடவும் கற்க வேண்டும். ஆனால் ஒரு வேதியியலாளரின் ஒரு மணி நேரத்துக்கு நிறுவனம் கொடுக்கும் விலை அதிகம். அவரை அட்டவணைகளின் முன் உட்காரவைப்பது நட்டம். தேடுவது நூலகரின் தொழில், கண்டுபிடிப்பது அவருடைய தொழில். இந்தப் பிரிவினை நியாயமானதாகவே தோன்றியது. சிறப்பு நூலகர்களுக்குப் பெருமையும் தந்தது.

நம்மவரான சீர்காழி இரா. அரங்கநாதன் இதே கேள்வியை வேறு வழியில் வந்தடைந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராயிருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானவர் அவர். 1931இல் வெளிவந்த ஐந்து விதிகளுள் நான்காவது வாசகரின் நேரத்தைப் பற்றியது என்பதை நூலகப் பக்கம் தலைவைத்த எவரும் அறிவர். 1940இல் குறிப்புதவிச் சேவை பற்றி அவர் எழுதிய நூலில், புதிய வாசகருக்கு நூலகத்தைப் பழக்கப்படுத்துதலை நூலகரின் கடமைகளுள் ஒன்றாகவே வைத்தார். தீட்சை என்று நாம் சொல்லும் பொருளில் ஒரு சொல்லை அதற்கு அவர் தேர்ந்தது தற்செயலாக இருக்க முடியாது. உடனே விடை சொல்லக்கூடிய கேள்விகளையும் நெடுநேரம் உடனிருந்து தேட வேண்டிய கேள்விகளையும் பிரித்தவரும் அவரே. பிற்காலத்தில் ஆய்வாளர்களுக்கான ஆவணச் சேவையின் பக்கம் அவர் கவனம் சாய்ந்தது. 1962இல் பெங்களூரில் அதற்கெனவே ஓர் ஆய்வு, பயிற்சி மையத்தையும் நிறுவினார். கற்பிப்பதும் தேடிக் கொடுப்பதும் அவரிடம் எதிரெதிர் நிலைகளாக இல்லை. வாசகரோடு நூலகர் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் இரண்டுமே நடந்துவிடும் என்று அவர் நம்பினார். உட்காரும் அந்த நேரமே இல்லாமல் போகும் ஒரு காலத்தை அவர் எண்ணிப்பார்த்திருக்க வாய்ப்பில்லை.

மீண்டும் பால்டிமோர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மருத்துவக் கட்டுரைகள் பெருகிய வேகத்துக்குத் துண்டுச் சீட்டுகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. 1948இல், பில்லிங்ஸ் வளர்த்த அதே ராணுவ நூலகத்தின் நிதியுதவியோடு, ஹாப்கின்ஸின் வெல்ச் மருத்துவ நூலகத்தில் ஓர் ஆய்வுத் திட்டம் தொடங்கியது. அடைவு தயாரிக்கும் வேலையைத் துளையட்டை இயந்திரங்களிடம் ஒப்படைக்க முடியுமா, பொருட்தலைப்புகளை எப்படி ஒழுங்குபடுத்துவது என்பவை அதன் கேள்விகள். சான்ஃபோர்ட் லார்க்கி தலைமையில் 1953 வரை நடந்த அத்திட்டத்தில் 1951இல் வேலைக்குச் சேர்ந்தவர் யூஜீன் கார்ஃபீல்ட் என்ற இளம் வேதியியல் பட்டதாரி. ஒரு கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று தேட உதவும் மேற்கோள் அடைவை அறுபதுகளில் உலகுக்குத் தந்தவர் அவர்தான்.

ராணுவ நூலகம் 1956இல் தேசிய மருத்துவ நூலகம் ஆயிற்று. 1960இல் அதன் பொருட்தலைப்புப் பட்டியல் 'மெஷ்' என்ற பெயரில் வெளியாயிற்று. 1964இல் 'மெட்லார்ஸ்' என்ற கணினி அமைப்பு செயற்படத் தொடங்கியது. பொருட்தலைப்பு என்பது என்ன என்று தமிழ் இலக்கிய வாசகருக்கு விளக்குவது கடினமன்று. இராமலிங்க அடிகள், ராமலிங்க சுவாமிகள், வள்ளலார், அருட்பிரகாச வள்ளலார் என்று ஒருவரே நான்கு பெயர்களில் நான்கு இடங்களில் ஒளிந்திருப்பதை நூலக அட்டவணைகளில் நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். இவற்றுள் ஒன்றைத் தலைப்பாக்கி மற்றவற்றை அதன்கீழ்க் கொண்டுவருவதுதான் பொருட்தலைப்பின் வேலை. 'ஹார்ட் அட்டாக்' என்று மருத்துவர் கேட்டாலும், 'மையோகார்டியல் இன்ஃபார்க்ஷன்' என்ற தலைப்பின்கீழ்தான் கட்டுரைகள் அடுக்கப்பட்டிருக்கும். தலைப்பு தெரிந்தவருக்கு வாசல் திறக்கும்.

எனவே தலைப்புகள் தெரிந்தவர்கள் தேவைப்பட்டனர். மெட்லார்ஸில் மருத்துவர் நேரடியாகத் தேட முடியாது. தம் கேள்வியை எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கெனப் பயிற்சி பெற்ற நூலகர் அதை இயந்திரத்தின் மொழியில் மாற்றுவார். விடை அச்சாகி வாரக்கணக்கில் கழித்து வந்து சேரும். இன்றைக்கு இது நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆனால் கேள்விக்கும் விடைக்கும் நடுவே இன்னொரு மனிதர் இருந்தார் என்பதை மறக்கலாகாது.

அந்த நடுமனிதர் எவ்வளவு பயன்பட்டார் என்பதை அளந்து பார்த்தவர் எஃப்.டபிள்யூ. லங்காஸ்டர். 1968இல் வெளியான அவரது ஆய்வு, உண்மையில் நடந்த ஏறக்குறைய முந்நூறு தேடல்களை எடுத்துச் சோதித்தது. கிடைத்திருக்க வேண்டிய கட்டுரைகளுள் சராசரியாக 58 விழுக்காடுதான் கிடைத்திருந்தன. கிடைத்தவற்றுள் பாதிதான் பொருத்தமானவை. தோல்விகளின் காரணங்களை அவர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். அடைவில் இருந்த குறைகளோடு, கேள்வி சரியாகச் சொல்லப்படாததும் முக்கியக் காரணமாக இருந்தது. வியப்பளிக்கும் இன்னொன்றையும் அவர் கண்டார். நூலகரோடு கலந்துபேசி, அமைப்பின் சொற்களுக்கு ஏற்பத் தம் கேள்வியை வளைத்துக்கொண்ட மருத்துவர்களைவிட, தமக்கு வேண்டியதைத் தம் சொந்த மொழியில் விரித்து எழுதி அனுப்பியவர்கள் நல்ல விடை பெற்றனர். கருவியின் சொற்களைக் கற்ற மறுகணமே, கருவியால் சொல்ல முடிந்ததை மட்டும் கேட்கத் தொடங்கிவிடுகிறோம். நமக்குத் தெரிந்தவரை, தகவல் எழுத்தறிவு பற்றி எழுதப்பட்ட மிகக் கூர்மையான அவதானிப்பு, அச்சொல் பிறப்பதற்கு ஆறாண்டுகள் முன்பே ஒரு வறண்ட மதிப்பீட்டு அறிக்கைக்குள் இப்படி எழுதிவைக்கப்பட்டது. அதை நூலகவியல் வகுப்புகளில் புள்ளிவிவரத்துக்காக மட்டுமே நினைவுகூர்கிறார்கள்.

அமெரிக்க அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழு, ஆல்வின் வைன்பர்க் தலைமையில் 1963இல் அளித்த அறிக்கையில், தகவலைக் கையாளும் பொறுப்பு நூலகர்களுக்கு மட்டும் உரியதன்று, அறிவியலாளர்களும் அதை ஏற்க வேண்டும், அதற்கான முறைகள் அவர்களுக்குக் கற்பிக்கப்பட வேண்டும் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தது. அறிக்கைகளுக்கு நேரும் வழக்கமான கதி அதற்கும் நேர்ந்தது. பாராட்டினார்கள்.

1971ஆம் ஆண்டில் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு காரியங்கள் நடந்தன. மிசௌரி பல்கலைக்கழகத்தின் கான்சஸ் நகர மருத்துவப் பள்ளியில் கெர்ட்ரூட் லாம்ப் என்ற நூலகர், நூலகரை மருத்துவர் குழுவோடு நோயாளிகளின் படுக்கைச் சுற்றுக்கே அனுப்பும் ஏற்பாட்டைத் தொடங்கினார். கேள்வி எழும் இடத்திலேயே நூலகர் நிற்பார். ஓடிப்போய்த் தேடிக்கொண்டு வருவார். ஆஸ்லர் மாணவரை நூலகத்துக்கு அனுப்பினார் என்றால் லாம்ப் நூலகத்தைப் படுக்கைக்கு அனுப்பினார். அதே ஆண்டு அக்டோபரில் தேசிய மருத்துவ நூலகம் 'மெட்லைன்' என்ற தொலைத்தொடர்புத் தேடல் சேவையைத் திறந்தது. விடைக்கு வாரக்கணக்கில் காத்திருந்த காலம் முடிந்தது. 1986இல் 'கிரேட்ஃபுல் மெட்' என்ற மென்பொருள் வந்தது. மருத்துவர் தம் மேசையிலிருந்தே தேடலாம். 1997 ஜூனில் 'பப்மெட்' இணையத்தில் அனைவருக்கும் இலவசமாயிற்று. அமெரிக்கத் துணை அதிபர் அல் கோர் முதல் தேடலைச் செய்து தொடங்கிவைத்தார். ஒரு பெட்டி, அதற்குப் பக்கத்தில் ஒரு பொத்தான். நடுமனிதருக்கு வேலையில்லாமல் போயிற்று.

அந்தப் பெட்டி ஒன்றை மட்டும் உரக்கச் சொல்லவில்லை. மெட்லைனின் பதிவுகள் 1966இல் தொடங்குபவை. அதற்கு முந்தைய நூறாண்டு மருத்துவம் அதற்குள் இல்லை. உதவிப் பக்கத்தைப் பொறுமையாகப் படித்தால் தெரிந்துகொள்ளலாம்தான். ஆனால் தொகுதியின் முதுகில் பொன்னெழுத்தில் இருந்த ஆண்டு திரையில் எங்கும் இல்லை. ஒரு சொல்லைத் தட்டியதும் நானூறு கட்டுரைகள் வந்து நிற்கும்போது, வராதவை எத்தனை என்று கேட்கும் பழக்கம் எங்கிருந்து வரும்?

2001ஆம் ஆண்டு ஹாப்கின்ஸில் ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. ஆரோக்கியமானவர்களின் மூச்சுக்குழாய்கள் சுருங்கிவிடாமல் எவ்வாறு திறந்திருக்கின்றன என்பதே ஆராயப்பட்ட கேள்வி. இதற்காக நோயற்ற தன்னார்வலர்கள் ஹெக்ஸாமெத்தோனியம் என்ற வேதிப்பொருளை மூச்சுவழி உட்கொள்ள வேண்டும். ஐம்பதுகளில் உயர் ரத்த அழுத்தத்துக்குப் பயன்பட்டு, 1972இல் அமெரிக்காவில் அனுமதி இழந்த மருந்து அது. மூச்சுவழிப் பயன்பாட்டுக்கு அனுமதி எக்காலத்திலும் இருந்ததில்லை. முதல் தன்னார்வலருக்கு இருமலும் மூச்சுத்திணறலும் வந்து சில நாட்களில் நீங்கின. இரண்டாமவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாமவர் இருபத்துநான்கு வயதுப் பெண், அந்நிறுவனத்திலேயே பணிபுரிந்தவர். மே 4 அன்று மருந்தை உள்ளிழுத்தார். மறுநாள் இருமல். ஐந்தாம் நாள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நுரையீரல்கள் ஒவ்வொரு நாளும் செயலிழந்துவந்தன. ஜூன் 2 அன்று இறந்தார்.

ஆய்வுக்கு முன் பப்மெட்டில் தேடியிருந்தார்கள்; பாடநூல்களையும் பார்த்திருந்தார்கள். மூச்சுவழி அம்மருந்தைக் கொடுத்த சில பிற்காலக் கட்டுரைகள் கிடைத்தன. அவற்றில் அச்சமூட்டும்படி எதுவும் இல்லை. அதே மருந்தை ரத்த அழுத்தத்துக்காக உட்கொண்டவர்களுக்கு நுரையீரல் பாதிப்பு ஏற்பட்டதைக் குறிப்பிடும் ஐம்பதுகளின் கட்டுரைகள் கிடைக்கவில்லை. அவை 1966க்கு முந்தியவை. எந்தப் பெரிய மருத்துவ நூலகத்தின் அலமாரியிலும் இருக்கக்கூடிய அச்சு அடைவுத் தொகுதிகளில், பில்லிங்ஸ் தொடங்கிய மரபின் வாரிசுகளில், அவை பட்டியலிடப்பட்டிருந்தன. செய்தி வெளியான சில நாட்களிலேயே உலகின் பல பகுதிகளில் இருந்த மருத்துவ நூலகர்கள், தங்கள் ஓய்வு நேரத்தில் அக்கட்டுரைகளைத் தேடியெடுத்து ஒருவருக்கொருவர் மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டிருந்தனர். ஜூலை 19 அன்று அமெரிக்க அரசு, ஹாப்கின்ஸில் தன் நிதியில் நடந்துவந்த மனித ஆய்வுகள் ஏறக்குறைய அனைத்தையும் நிறுத்திவைத்தது. சில நாட்களில் தடை தளர்த்தப்பட்டது. அந்த நாட்களில் ஆய்வுலகம் அடைந்த அதிர்ச்சி பெரிது.

நூலகர்கள் இச்சம்பவத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. எங்களைக் கேட்டிருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கும் என்பது அச்சொல்லின் உட்பொருள். அதில் உண்மை உண்டு. ஆனால் 1966 என்ற எண்ணின் மேல் பழியைப் போட்டுவிட்டு நகர்வது வசதியானது என்றும் நமக்குத் தோன்றுகிறது. மனித ஆய்வுகளைக் கண்காணிக்கும் அரசு அலுவலகம் அக்கோடையில் எழுதிய கடிதம் வேறொன்றைச் சொன்னது. அம்மருந்துக்கும் நுரையீரல் பாதிப்புக்கும் உள்ள தொடர்பு, வழக்கமான மெட்லைன் தேடலிலும் இணையத் தேடலிலும், அண்மையில் வெளியான நுரையீரல் நோயியல் பாடநூல்களிலுமே எட்டக்கூடியதாக இருந்தது என்பது அதன் கண்டுபிடிப்பு. அப்படியானால் பிழை கருவியின் எல்லையில் மட்டும் இல்லை. தேடிய கேள்வியிலும் இருக்கிறது. மூச்சுவழி கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டவருக்கு மூச்சுவழிக் கட்டுரைகள் கிடைத்தன. இம்மருந்து நுரையீரலை என்ன செய்யும் என்று கேட்டிருந்தால் வேறு கதவு திறந்திருக்கலாம். லங்காஸ்டர் 1968இல் அளந்தது இதைத்தான்.

இன்னொரு தரப்பும் உண்டு. ஆய்வைத் தொடங்க அனுமதித்த நெறிமுறைக் குழுவினர் முன் அந்த விண்ணப்பம் வைக்கப்பட்டபோது, முந்தைய ஆய்வுகள் எங்கே தேடப்பட்டன, எந்த ஆண்டிலிருந்து, எந்தச் சொற்களால் என்று கேட்கப்பட்டிருக்குமானால்? அப்படிக் கேட்கும் வழக்கம் அன்று பரவலாக இல்லை. தகவல் எழுத்தறிவு என்றதும் ஒரு தனிமனிதரின் திறமையை நினைத்துக்கொள்கிறோம். வகுப்பு நடத்துகிறோம், சான்றிதழ் தருகிறோம். சிறப்பு நூலகத்தைப் பயன்படுத்துபவர் தனிமனிதர் அல்லர். குழுக்களும் மேற்பார்வையாளர்களும் நிதி தருபவர்களும் அவருக்குப் பின்னால் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவருக்கேனும் தேடலின் எல்லையைக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இதற்குப் பிறகு நூலகர்கள் கற்பிக்கும் முறையில் மாற்றம் வந்தது. நிபுணத் தேடல் என்பது மருத்துவ நூலகரின் தனிப்பொறுப்பு என்று வலியுறுத்தும் கொள்கை அறிக்கையை மருத்துவ நூலகச் சங்கம் வெளியிட்டது. எந்தத் தேடலைப் பயனரே செய்யலாம், எதைச் செய்யும் முன் நூலகரை அழைக்க வேண்டும் என்ற பேச்சு தொடங்கியது. டானா காலத்துப் பழைய வழக்கு, கற்பிப்பதா தேடிக்கொடுப்பதா என்பது, புதிய உருவில் திரும்பி வந்தது. நம் கருத்தில், எப்போது தன்னால் இயலாது என்று அறிவதையே முதலில் கற்பிக்க வேண்டும். பொத்தான்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆனால் நூலகங்கள் நடத்தும் அறிமுக வகுப்புகள் பலவும் இன்றும் பொத்தான்களிலிருந்தே தொடங்குகின்றன. அரை மணி நேரத்தில் வேறென்ன செய்ய முடியும் என்ற நூலகரின் கேள்விக்கு நம்மிடம் விடையில்லை.

தமிழ் ஆய்வாளர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. எண்ணியமாக்கப்பட்ட பழைய இதழ்களும் நூல்களும் இன்று கணினியிலேயே கிடைப்பது பெரும் கொடை. அவற்றுள் தேடிவிட்டு, இச்சொல் முதன்முதலாக இன்ன ஆண்டில் வழங்கியது, இவ்வகைக் கதையை முதலில் எழுதியவர் இவர் என்று முடிவுகட்டும் கட்டுரைகளை அவ்வப்போது படிக்கிறோம். வருடப்பட்ட இதழ்களுள் முதலில் என்பதுதான் அவ்வாக்கியத்தின் சரியான வடிவம். யாரும் இறந்துபோக மாட்டார்கள் என்பதால் அவ்விரு சொற்களைச் சேர்க்க நாம் சிரமப்படுவதில்லை.

அச்சு இண்டெக்ஸ் மெடிக்கஸ் 2004ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. தேசிய மருத்துவ நூலகம் பழைய அச்சு அடைவுகளின் பதிவுகளைச் சிறிது சிறிதாகக் கணினியில் ஏற்றி, 1946 வரை பின்னோக்கிச் சென்று பப்மெட்டோடு இணைத்தது. ஐம்பதுகளின் மருத்துவத்தை இன்று அதே பெட்டியில் தேடலாம். பெரும்பாலான அப்பழைய பதிவுகளுக்குக் கட்டுரைச் சுருக்கம் கிடையாது. தலைப்பும் பொருட்சொற்களுமே உண்டு. ஆகவே சுருக்கத்துக்குள் வரும் சொற்களை நம்பித் தேடுபவருக்கு அவை எளிதில் அகப்படுவதில்லை. பில்லிங்ஸின் 61 தொகுதி அடைவு அட்டவணையும் 2004இல் இணையத்துக்கு வந்தது. பப்மெட்டின் பதிவுகளோடு அது சேர்க்கப்படவில்லை. காக்காய்வலிப்புக்கு 1860க்கு முன் யார் அறுவைச் சிகிச்சை செய்தார்கள் என்று அறிய விரும்பும் மாணவர் இன்றும் அதற்குத் தனியாகத்தான் போக வேண்டும். அப்படியொன்று இருக்கிறது என்று அவருக்கு யாராவது சொல்லியிருக்கவும் வேண்டும்.